பியூலா மிஸ்ஸும் நனைந்த தீப்பெட்டியும்

அன்று காலையில் என் மகள் கோமுவின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, அது கீச்சென்று கத்துவதற்காகக் காத்திருந்தேன். செல்போன் அடித்தது. ரெஜினா டீச்சர். "உமா, நம்ம பியூலா போய்ச் சேந்துட்டாட்டி. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிட்டு இருந்திருக்கா. நெஞ்சப் பிடிச்சுட்டு உக்காந்தவ எந்திரிக்கவே இல்லயாம்" என்றார். தெர்மாமீட்டர் கத்தியது. காய்ச்சல் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை என்று தெரிந்தும் என் மனம் ஆறாத முதல் நாள் அதுதான்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, கோமுவைக் குளிப்பாட்டிவிட்டு உட்கார்ந்தபோது இன்னொரு செய்தி வந்தது. பிரான்சிலிருந்து மர்கோ அனுப்பிய மின்னஞ்சல். "மிஸ் பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்துவிட்டாரா? இரண்டில் எதைப் போடச் சொல்கிறார்? நாங்கள் நால்வரும் காத்திருக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். சேதியைச் சொல்லி இரண்டு வரி எழுதினேன். அவர்கள் அழுது எழுதிய பதிலும் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. பியூலா அக்கா சொல்லாமல் போன பதிலை இனி நான்தான் சொல்ல வேண்டும் என்றார்கள்.

நம் பள்ளி மலருக்கு எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான்தான் கடைசி. தலைமையாசிரியை இரண்டு தடவை நினைவூட்டிவிட்டார். கோமு தூங்கும் மதியங்களில் உட்காருவேன், நாலு வரி எழுதுவேன், எழுந்து போய் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பேன். அந்தப் பதிலைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியவில்லை என்பதுதான் உண்மைக் காரணம்.

உங்களில் பலருக்கு அவர் கணக்கு மிஸ். பத்தாம் வகுப்பு 'ஏ' பிரிவில் அவரிடம் சாக்பீஸ் எறி வாங்காதவர் இருக்க மாட்டீர்கள். ஓய்வாக ஓரிடத்தில் நின்று அவரைப் பார்த்தவரும் இருக்க மாட்டீர்கள். தேர்வு மேற்பார்வைக்கு வந்தால் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். ஒரு வருடம் பிள்ளைகள் சேர்ந்து புகார் சொன்னதும், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரில் தட்டினார். கணினி ஆசிரியையாக நான் சேர்ந்தபோது ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலிதான் காலியாக இருந்தது. ஏன் காலியாக இருந்தது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. என் டிபன் பாக்ஸ் மூடி அவர் விரலுக்கு நடனமாடியது. "கை சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்டி. நீ வேணா மூடிய எடுத்து உள்ள வச்சுக்கோ" என்றார்.

பேப்பர் கொடுக்கும் நாள் உங்களுக்கு மறந்திருக்காது. வகுப்பே அவர் மேஜையை மொய்க்கும். விடை தப்பு என்று முழுக்க அடித்திருந்த கணக்கைத் தூக்கிக்கொண்டு யாராவது சண்டைக்குப் போனால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து படிப்பார். "ஆன்சர் தப்புதான். ஆனா உள்ள ஸ்டெப் இருக்கே, நான் பாக்கலயே. எம்மேலதான் தப்பு, இந்தா ரெண்டு மார்க்." கேட்காமல் போகிறவர்கள் மேல்தான் அவருக்குக் கோபம். "வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? வந்து கேட்டாத்தானவே தெரியும்" என்பார்.

அவரிடம் ஒரு சின்ன மின்சார ஆர்கன் இருந்தது பலருக்குத் தெரியாது. மடக்கு மேஜை மாதிரி நாலு கால், சிவப்பு மூடி. அறுபதுகளில் எந்த நாட்டிலிருந்தோ எவரோ கொண்டுவந்தது, நம் பள்ளி ஸ்டோர் ரூமில் உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் கிடந்தது. பழைய சாமான்களைக் கழித்துக் கட்டியபோது அதை அக்கா வாங்கிக்கொண்டு போனார். ஏழு கட்டைகள் பேசவில்லை. அவற்றைப் பேசவைக்க இணையத்தில் வழி தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குழுவைப் பார்த்தார். மேடையில் ஒரு பெண், அவள் முன்னால் அதே சிவப்பு மூடி.

பிரெஞ்சில் அந்தக் குழுவின் பெயருக்கு 'நனைந்த தீப்பெட்டி' என்று பொருள். மூன்று ஆண்களும் மர்கோவும். அறுபதுகளில் கார் ஷெட்டுக்குள் நின்றுகொண்டு மலிவான கிதாரையும் கிழிந்த ஸ்பீக்கரையும் வைத்து இளவட்டங்கள் போட்ட இரைச்சல் பாட்டு உண்டல்லவா, அதை எடுத்து இன்றைய கணினித் தாளத்தோடு கோத்து வாசிப்பவர்கள். கிதார் உறுமும், அடியில் கணினியின் இடி, நடுவில் இந்த ஆர்கன் மூக்கால் அழும். எனக்கு முதலில் தலைவலிதான் வந்தது. ஆசிரியர் அறையில் அக்கா செல்போனில் சத்தமாக வைத்தபோது ரெஜினா டீச்சர் கேட்டார், "ஏட்டி, இது பாட்டா, பம்புசெட் ரிப்பேரா?"

"ரெண்டுந்தான். ரிப்பேராகுத சத்தத்தத்தான் அவன் பாட்டாப் போட்டிருக்கான்."

"கர்த்தரே, இந்தப் பிள்ளைக்கு நல்ல காது குடும்."

"நல்ல காது இருக்கதாலதான் கேக்கேன். உங்க பாட்டெல்லாம் எங்க முடியும்னு தொடங்கும்போதே தெரியுது. இவனுவ பாட்டு எப்ப விழும்னு தெரியல பாருங்க."

ஆர்கனின் எந்தத் திருகாணியைத் திருப்பினால் அந்தக் கட்டைகள் பேசும், சுருதி சேரும் என்று அவர்களிடமே கேட்கலாம் என்று முடிவானது. எழுதித் தா என்று என்னிடம் கேட்பதற்கு முன்னால் அவரே ஒரு முயற்சி செய்தார். ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் மட்டுமே எழுதிப் பழகிய கை. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, பணிவுடன் தெரிவித்துக்கொண்டு, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று முடித்திருந்தார். தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மேடையில் கிதாரை உதைக்கிறவர்களுக்கு! நான் சிரித்துச் சிரித்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அதைத் திருத்தாமல் அப்படியே அனுப்பினோம். மர்கோ திருகாணியின் படத்தோடு பதில் எழுதினார். தொடக்கம்: 'மதிப்பிற்குரிய மிஸ்.' முடிவு: 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள நனைந்த தீப்பெட்டி.' அதற்குப் பிறகு அவர்களுக்குள் கடிதங்கள் எல்லாம் அந்த முறையில்தான். மொழிபெயர்ப்பது என் வேலையானது.

நடுவில் கோமு பிறந்தாள். நான் வேலையை விட்டேன். அவளுக்கு முதல் பிறந்தநாள் வருவதற்குள் ஒரு காய்ச்சலில் வலிப்பு வந்தது. டாக்டர் இது சில பிள்ளைகளுக்கு வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அவர் சொன்னது என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் நான் உட்கார்ந்திருக்க, பள்ளி விட்டதும் அக்கா வந்தார், கட்டுக் கட்டாகப் பேப்பருடன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து திருத்தினார். சிவப்புப் பேனா கட்டில் கம்பியில் டக்டக்கென்று தட்டியது. நர்ஸ் வந்து, "இது ஆஸ்பத்திரியா, கரகாட்டப் பந்தலா?" என்று அதட்டினார். பேனாவைப் பையில் போட்டுவிட்டுத் தன் முழங்காலில் தட்டினார். எல்லோரும் சொல்வது போல அவர் எனக்குத் தைரியம் சொல்லவில்லை. ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். "நீ பயப்படுதத நிறுத்த வேண்டாம்டி. பயந்துக்கிட்டே ரெண்டு இட்லி சாப்பிடு." நான் அப்படியேதான் சாப்பிட்டேன். இன்றுவரை அப்படித்தான் சாப்பிடுகிறேன்.

சென்ற வருடம் மர்கோவிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. புதுப் பாட்டுக்கு அந்த ஆர்கன்தான் வேண்டும், எங்களுடையது பயணத்தில் உடைந்துவிட்டது, மிஸ் வாசித்து அனுப்புவாரா? நான் வாய்விட்டுப் படித்து முடித்தபோது அக்காவின் விரல்கள் நின்றிருந்தன. அப்படி நான் பார்த்ததேயில்லை.

"ஏட்டி, மறுபடி வாசி."

வாசித்தேன்.

"நான் இதுவரைக்கும் யாரோடயும் சேந்து வாசிச்சதில்ல, தெரியுமா?" என்றார். சர்ச்சில் கீபோர்டு இளைஞர் சங்கத்துப் பையன்களின் கையில். அக்காவைப் பாடல் குழுவில் நிற்கச் சொல்வார்கள். இந்த ஆர்கனைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து, தனியாகத்தான் வாசித்திருக்கிறார். "நாலு பேரோட சேந்து ஒரே ஒரு தடவ வாசிச்சிரணும்டி. சரியா வாசிச்சிரணும். அது போதும்."

அவர் வீடு விசைத்தறிக்கூடங்கள் இருக்கும் தெருவில். ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் சங்கரபாண்டி அண்ணாச்சியின் தறிகள். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது, அன்று பதிவு செய்யலாம் என்று நினைத்திருந்தோம். ஆனால் மாதிரிக்கு ஒன்று உடனே வேண்டும், தாளம் சேருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று பிரான்சிலிருந்து அவசரப்படுத்தினார்கள். அதனால் ஒரு வேலை நாளின் சாயங்காலம் கோமுவையும் தூக்கிக்கொண்டு போனேன். காலையில் அவளுக்கு லேசாக மூக்கு ஒழுகியிருந்தது. போகாமல் இருக்கவும் மனமில்லை, போகவும் மனமில்லை. கைப்பையில் தெர்மாமீட்டர், மருந்து, ஈரத்துணி, எல்லாம் இருக்கிறதா என்று தெருமுனையில் நின்று ஒரு தடவை துழாவினேன்.

அக்கா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டார். அதில் அந்த நால்வரின் கிதாரும் தாளமும் ஓடும். நான் இன்னொரு செல்போனை ஆர்கனின் ஸ்பீக்கர் பக்கம் நீட்டிப் பிடிக்க வேண்டும். தொடங்கினார். நன்றாகத்தான் போயிற்று. திடீரென்று டியூப்லைட் மங்கியது. அடுத்த கூடத்தில் தறிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டிருக்கிறார்கள். வோல்டேஜ் இறங்க இறங்க ஆர்கனின் சுருதியும் அதோடு வழுக்கிக்கொண்டு கீழே போனது, ஏதோ படியில் சறுக்கி விழுகிற ஆள் 'ஆஆ' என்று கத்துவது போல. அக்கா வாசிப்பை நிறுத்தாமல் சுவரைப் பார்த்துக் கத்தினார்: "அண்ணாச்சி! எவன்வே இப்பப் போயி தறியப் போட்டது?" அந்தப் பக்கம் கேட்கவில்லை. தறிச்சத்தம்தான் கேட்டது. அந்தச் சத்தத்தில் கோமு வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.

எனக்குக் கை இரண்டுதான். ஒன்றில் செல்போன். மற்றதைப் பைக்குள் விட்டுத் தெர்மாமீட்டரைத் தேடினேன். அழுகை காய்ச்சலாலா, சத்தத்தாலா? பைக்குள் எல்லாம் இருந்தது, அது மட்டும் அகப்படவில்லை. தவழ்ந்து போய் ஸ்டூல் காலைப் பிடித்த கோமுவை அக்கா இடது கையால் வாரி மடியில் போட்டுக்கொண்டார். வலது கை மட்டும் ஓடியது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை அமைதியானாள். அமைதியானதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. ஏன் அமைதியானாள்? ஒருவழியாகத் தெர்மாமீட்டரைக் கண்டுபிடித்து நிமிர்ந்தபோது பாட்டு முடிந்திருந்தது. காய்ச்சல் இல்லை. மாதிரிதானே என்று அதை அப்படியே அனுப்பினோம்.

அடுத்த ஞாயிறு, தறிகள் ஓய்ந்திருக்க, ஸ்டெபிலைசர் ஒன்றை இரவல் வாங்கி வைத்து, அக்கா மறுபடி வாசித்தார். இரண்டு கையும் ஓடின. சுருதி கோடு போட்டது போல நின்றது. பிழை என்று ஒன்று சொல்ல முடியாது. அவர் முகத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையின் களை. அதையும் அனுப்பினோம்.

பதில் வந்தது. அவர்களுக்கு முதல் பதிவுதான் வேண்டுமாம். அந்தச் சறுக்கலுக்கு ஏற்றபடி கிதார்களை இழுத்து வாசித்துக்கொள்கிறார்களாம். எல்லாவற்றையும்விட, நடுவில் இடது கை மறைந்து போகும் இடத்தில் தரையே நழுவுவது போல இருக்கிறதாம். இதை யோசித்தா செய்தார் என்று கேட்டிருந்தார்கள்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன பிள்ளைய இவனுவ? கரண்டு கம்மியானதப் பாட்டுங்கான். வாசிக்காம விட்டதப் பாராட்டுதான். நம்ம ஊரு வோல்டேஜ் லட்சணத்தப் பாரீசு வரைக்கும் போயிக் காட்டணுமாட்டி?"

"அவங்களுக்கு அது பிடிச்சிருக்கு அக்கா."

"எனக்குப் பிடிக்கல. வாழ்க்கைல ஒரு தடவதான் நாலு பேரோட சேந்து வாசிக்கேன். அதுலயும் பாதிக் கைய விட்டுட்டுப் போனவன்னு பேரா? அந்த எடத்துல இடது கையே இல்ல. ஒரு ஸ்டெப்ப விட்டுட்டு ஆன்சர் எழுதுன மாதிரி இருக்கு."

சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு மட்டும் பரம சந்தோஷம். சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அப்பம் என் தறிக்கும் பேர் போடுவாங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"போடுவாங்க. கரண்டு திருடுனவர்னு போடுவாங்க."

"நான் ஒழுங்கா பில்லு கெட்டுதேன் டீச்சர்!"

"வெளிநாட்டுக்காரனுக்கு அது தெரியவா போவுது?"

சிரித்தாரே தவிர அக்கா இறங்கி வரவில்லை. இறங்கவே மாட்டேன் என்று முடிவாகச் சொல்லவும் இல்லை. அரையாண்டுப் பரீட்சைப் பேப்பர் வந்துவிட்டது. கடைசியாகப் பேசியபோது, "திருத்தி முடிக்கட்டும்டி. மண்ட தெளிஞ்ச பிறகு யோசிச்சுச் சொல்லுதேன். அதுவரைக்கும் காத்துக் கெடக்கட்டும், என்ன குடியா முழுகிரும்?" என்றார். பேப்பரைத் திருத்தி முடித்தார். மிச்சமிருந்த பிரிவின் மதிப்பெண்ணைக்கூட மேஜையில் எடுத்து வைத்திருந்தாராம். இந்தப் பதில் மட்டும் மிச்சம்.

இத்தனை நாளாக எனக்கு இதுதான் அவஸ்தை. அவருக்குப் பிடித்தது இரண்டாவது, அதைப் போடச் சொல்வதுதான் மரியாதை. அதையே எழுதிவிட்டு அனுப்பாமல் அழித்தேன். மறுநாளும் எழுதினேன், அழித்தேன். முதல் பதிவில் அவர் கத்துவது இருக்கிறது, கோமுவின் அழுகை இருக்கிறது. எனக்குப் பிடித்ததை அவர் தலையில் கட்டுகிறேனோ என்று ஒரு பயம். உயிரோடு இருப்பவர் மறுத்துப் பேசலாம். இல்லாதவர் சார்பில் முடிவெடுப்பவள் எவ்வளவு யோசித்தாலும் போதாது.

போன வாரம் ஒரு மதியம், கோமு தூங்கியதும், இரண்டையும் இயர்போனில் கேட்டேன். அதுவரை ஸ்பீக்கரில்தான் கேட்டிருக்கிறேன், அதுவும் பாதி காதைப் பிள்ளை பக்கம் வைத்துக்கொண்டு. முதல் பதிவு. வெளிச்சம் மங்குவது காதிலேயே தெரிகிறது. ஆர்கன் சறுக்குகிறது. அக்கா கத்துகிறார். கோமு அழுகிறாள். இடது கை நிற்கிறது. அங்கேதான் கேட்டேன். தறிச்சத்தத்துக்கும் வலது கையின் ராகத்துக்கும் அடியில், மெத்து மெத்தென்று ஏதோ ஒன்று. தறி இல்லை, தறி அவ்வளவு மெதுவாக அடிக்காது. திரும்பத் திரும்பப் பின்னுக்குத் தள்ளிக் கேட்டேன். உள்ளங்கை. பஞ்சு போட்ட சட்டையின் மேல் உள்ளங்கை விழும் சத்தம். பிள்ளையின் முதுகு.

அவர் தட்டியிருக்கிறார். இடது கையின் கனத்த பேஸ் சுரம் எங்கே விழ வேண்டுமோ சரியாக அங்கே. ஒரு அடிகூடத் தப்பவில்லை. அந்தத் தாளம் அவர் காதில் இயர்போனில் ஓடிக்கொண்டிருந்தது, கை தன்பாட்டில் அதை என் மகளின் முதுகில் வாசித்திருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கையைச் சும்மா வைத்திருக்க அவரால் எப்படி முடியும்? அவருக்கே இது தெரியவில்லை. பைக்குள் தலையை விட்டிருந்த எனக்கும் தெரியவில்லை. பிரான்சிலிருக்கும் நால்வரும் கேட்டிருக்கிறார்கள், என்னவென்று தெரியாமலே.

நான் பேப்பரைத் தூக்கிக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போலத்தான். அக்கா, நீங்கள் ஸ்டெப் இல்லை என்று அடித்துவிட்டீர்கள், உள்ளே இருக்கிறது, மறுபடி பாருங்கள் என்று கேட்டேன். கேட்காமல் போயிருந்தால்தான் அவர் கோபித்திருப்பார்.

நேற்று மர்கோவுக்கு எழுதினேன். மதிப்பிற்குரிய அம்மையீர், முதலாவதைப் போடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொண்டேன். இடது கை மறைகிற இடத்தில் அது எங்கே இருந்தது என்பதையும் எழுதினேன். அந்தத் தட்டலைக் கொஞ்சம் கூட்டி வைக்க முடியுமா என்று கேட்டேன். போட வேண்டிய பேர்களையும் கொடுத்தேன். ஆர்கன்: பியூலா. தறி: சங்கரபாண்டி. அண்ணாச்சியின் பில் விஷயம் எதுவும் போடவில்லை. அனுப்பிய பிறகும் நிம்மதி வந்துவிடவில்லை, நான் அப்படிப்பட்டவளும் இல்லை. சரியாகச் செய்தேனா என்று இதை எழுதும்போதும் ஒரு கேள்வி உள்ளே ஓடுகிறது.

கோமு இப்போது புரண்டு படுக்கிறாள். தூக்கத்தில் சிணுங்கினால் என் வலது கை இன்னும் தெர்மாமீட்டரைத்தான் தேடுகிறது. அது என் கை, அதை மாற்ற முடியாது. இடது கை அவள் முதுகில் தட்டுகிறது, அந்தப் பாட்டின் பேஸ் விழும் இடங்களில். அந்தக் கையை நான் பியூலா அக்காவிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன்.